நாற்பது பவுண்டு வில்லுக்கு விரலுறை: வாங்கியது, பிரித்தது, தைத்தது

வில்லின் நாணை இழுக்கும் மூன்று விரல்களின் நுனிக்கும் தோல் கூடு வைத்துத் தைத்த உறைதான் விரலுறை. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?” என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது நடுவிரல் கூட்டின் உள்ளங்கைப் பக்கத்தை. நாண் உட்காரும் இடம் அதுதான். கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இருக்காது. அந்த இடத்துத் தோல் வழவழப்பாக, இறுக்கமாக, தையல் எதுவும் குறுக்கிடாமல் இருந்தால் அந்த உறையை வைத்து வேலை பார்க்கலாம். பட்டை, பித்தான், நிறமெல்லாம் பிறகு நம் கையாலேயே மாற்றிக்கொள்ளக்கூடியவை.

என்னுடையது 40 பவுண்டு ரீகர்வ் வில், முனைகள் வெளிப்பக்கமாக வளைந்தது. குறி பார்க்கும் சைட், ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் எதுவும் கிடையாது. மர வில், 12 இழை டேக்ரான் நாண், விரலால் இழுத்து விரலால் விடுவது, அவ்வளவுதான். 40 பவுண்டு என்பது 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் ஏறும் பளுவின் கணக்கு. நான் இழுப்பது 27 அங்குலம். தொங்கு தராசின் கொக்கியை நாணில் மாட்டி அந்த அளவுக்கு இழுத்தால் 17 கிலோ காட்டுகிறது. மூன்று விரல் நுனிகளில் 17 கிலோ. அதுவும் சமமாகப் பங்கு பிரிவதில்லை. நடுவிரல்தான் கூடுதலாகச் சுமக்கும். என் பழைய உறையில் நடுவிரல் கூடு முதலில் போனதும் அதனால்தான். நாண் படும் இடத்தில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, ஓரத் தையலும் பிரிந்து, விரல் நுனி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. புதிது வாங்குவதா, பழசைச் சரிபண்ணுவதா, சொந்தமாகத் தைப்பதா என்ற கேள்வியில் தொடங்கியது இந்த வேலை. கடைசியில் மூன்றையும் செய்தேன்.

டேப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இந்த டேப் (tab) ஒட்டுகிற நாடா இல்லை, விரல்களுக்கும் நாணுக்கும் நடுவே நிற்கும் ஒரே தோல் மடல். அளவுத் தொல்லை குறைவு, தேய்ந்தால் மாற்றுவது சுலபம், நாண் ஒரே பரப்பில் வழுக்கிப் போகும். ஒலிம்பிக் ரீகர்வ் ஆட்கள் கையில் அதைத்தான் பார்க்கிறோம். துல்லியம் ஒன்றே கணக்கு என்றால் டேப் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் பழகுவது காங்கேயம் பக்கம் ஒரு நண்பரின் தென்னந்தோப்பில். நடந்துகொண்டே விடுவோம். அம்பைப் பிடுங்க வேண்டும், வேலிப் படலைத் திறந்து சாத்த வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். உறை என்றால் மாட்டியது மாட்டியபடி இருக்கும், கை சும்மா இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக நாணை உணரும். எந்த விரல் சோம்பேறியாக நிற்கிறது, எது அதிகமாக இழுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். போட்டிக்குப் போகிறவர்களும் கவலைப்பட வேண்டாம். உறை, டேப், விரல் கூடு எதற்கும் உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிகளில் தடையில்லை. நாணைப் பிடித்து இழுத்து விட்டுக்கொடுக்கும் கருவி எதுவும் அதில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கட்டைவிரலில் வளையம் மாட்டி இழுக்கும் முறை வேறு. மொகலாயர் காலத்து ஜேட் கல் வளையங்களை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அந்த முறைக்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது.

விரல் நுனியில் நடப்பது

நாண் உட்கார வேண்டியது நுனியிலிருந்து முதல் மூட்டின் மடிப்பில், அல்லது அதற்கு ஒரு நூல் முன்னால். விரலின் இரண்டு பக்கமும், உள்ளங்கை ஓரமாக நரம்புகள் ஓடுகின்றன. நாண் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் முதலில் சுருக்கென்று இருக்கும், அப்புறம் மரத்துப்போகும். மாலையில் மரத்தது ராத்திரிக்குள் சரியாகிவிட்டால் பரவாயில்லை. மறுநாள் காலையில் சட்டைப் பித்தான் போடும்போதும் நுனி மரத்தே இருந்தால் வில்லைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்படியே தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் தடியான தோலைப் போட்டுத் தொடர்வது வைத்தியம் ஆகாது.

தடிமன் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. மெல்லிசாக இருந்தால் வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்த கை, விடுகிற நொடிக்கு முன்பே பயந்து நாணைப் பக்கவாட்டில் பிடுங்கும். ரொம்பத் தடியாக இருந்தால் நாண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாத கை இன்னும் ஆழமாக மடங்கிப் பிடிக்கும், விடும்போது விரல் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். இரண்டிலும் அம்பு இடம் வலமாகச் சிதறும். நாண் தெரிய வேண்டும், வலி தெரியக்கூடாது. அந்த நடு இடத்தைப் பிடிப்பதற்குத்தான் இவ்வளவு பாடும். என் அனுபவத்தில் 25, 30 பவுண்டுக்கு ஒற்றைத் தோல், 1.2 மில்லிமீட்டர் போதும். 40 பவுண்டுக்கு மொத்தத் தடிமன் 2 மில்லிமீட்டருக்குப் பக்கம் வேண்டும். 50-ஐத் தாண்டினால் நடுவில் விறைப்பான பொருள் ஏதாவது இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். வெளிநாட்டு உறைகளில் தோலின் கனத்தை அவுன்ஸில் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நாலு அவுன்ஸ் என்றால் 1.6 மில்லிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஆர்டர் போடும்போது குழப்பம் வராது.

வாங்கிப் பார்த்தவை

முதலில் வந்தது மிருதுவான தோலில் செய்த உறை. கையில் மாட்டியதும் சுகமாக இருந்தது. இந்தச் சுகத்தை நம்பக்கூடாது. மிருதுவான தோல் நீளும்; வியர்வை பட்டால் இன்னும் நீளும். சித்திரை வெயிலில் நம் ஊரில் கை எப்படி நனையும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில வாரத்தில் கூடுகள் தொளதொளவென்று ஆகி, நாண் விடும்போது நுனித்தோல் முன்னால் இழுபட்டு வந்தது. பழகுகிற பிள்ளைகளுக்குக் குறைந்த பவுண்டு வில்லோடு கொடுக்கலாம். எனக்குச் சரிப்படாது.

இரண்டாவது, நுனியில் நைலான் பூச்சுப் போட்டது. வலி துளிகூட இல்லை. நாண் சறுக்கிக்கொண்டு போகிறது, பள்ளமும் விழுவதில்லை. 50 பவுண்டுக்கு மேல் இழுக்கிறவர்களுக்கு நல்ல சாமான். ஆனால் என் வில்லுக்கு அது அதிகம். விரல் நாணின் மேல் இருக்கிறதா, வழுக்கப் போகிறதா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வந்தது.

மூன்றாவதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையக் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது இந்த ரகம்தான். அசல் தோல் என்று அச்சடித்திருக்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வெட்டிய ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே பஞ்சு பஞ்சாக நார் தெரிந்தால், அது தோலின் மேல்பக்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய அடிப்பாளத்தில் பூச்சு போட்டது. செருப்புப் பட்டைக்கு ஆகலாம், நாணுக்கு ஆகாது. 17 கிலோ ஒரே கோட்டில் அழுத்தும்போது பூச்சு வெடிக்கும், வெடித்த இடத்தில் நாண் சொரசொரவென்று உரசும். நல்ல தோலின் ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருக்கும், மேல்பக்கம் நார் நெருக்கமாக, கீழ்ப்பக்கம் சற்றுத் தளர்வாக.

கடையில் நேரில் வாங்க வாய்த்தால் நான் செய்வது இது. ஒரு முழம் நைலான் கயிற்றில் கண்ணி போட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். உறையை மாட்டி, கண்ணியின் ஒரு பக்கத்தைக் காலில் மிதித்து, மறுபக்கத்தை விரல்களில் மாட்டி மெதுவாக நிமிர்வேன். பளு ஏறும்போது விரல் நுனி கூட்டின் முனையைத் தொட்டு நிற்க வேண்டும். கூடு விரலைவிட்டு முன்னால் நழுவினால் பெரிய அளவு. விரலின் பக்கவாட்டில் ஏதோ குத்தினால் அங்கே தையல் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தையல் வரும் உறைகளை நான் தொடுவதே இல்லை. அந்த இடுக்கில்தான் அம்பின் அடிப்பிளவு இருக்கிறது. நாக் என்று சொல்கிறோமே, அது. தையல் தடித்து நின்றால் அந்தப் பிளவை நெருக்கும், அம்பு தாங்கியை விட்டு எழும்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் குறை போகாது.

மணிக்கூண்டுப் பக்கம்

பிரிந்த உறையை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் மணிக்கூண்டுப் பக்கம் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வில், அம்பு எல்லாம் அவருக்குப் புதிது. ஆனால் உறையைக் கையில் வாங்கி, உள்ளே விரலைவிட்டுத் திருப்பிப் பார்த்த உடனேயே நோய் எங்கே என்று சொல்லிவிட்டார்.

“இது மெஷின்ல அடிச்சதுங் தம்பி. ஓட்டை பாருங், எம்புட்டு நெருக்கமா உழுந்திருக்குது. நூலு அறுகல, தோலுதான் அறுந்திருக்குது.”

உண்மைதான். தபால்தலை ஓரம்போல ஓட்டைகள் வரிசையாக விழுந்து, இழுபட இழுபட அந்தக் கோட்டிலேயே தோல் கிழிந்திருந்தது.

“அப்போ இதைத் திருப்பித் தைக்க முடியாதுங்களாண்ணா?”

“அதே ஓட்டையில தச்சா நிக்காதுங். நுனிய வெட்டிப்போட்டு வேற தோலு போடோணும். வவுத்துத் தோலு வேண்டாம், முதுகுல வெட்டின துண்டா வாங்கியாங்.”

எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய பாடம் இந்த முதுகு, வயிறு கணக்கு. மாட்டின் முதுகுப் பக்கத் தோல் நெருக்கமான நாருடையது, அதிகம் நீளாது. வயிற்றுப் பக்கம் தளர்வு. இழுத்தால் வரும், திரும்பிப் போகாது. ஒரே தோலிலும்கூடத் தலையிலிருந்து வால் நோக்கிப் போகும் திசையில் நீட்சி குறைவு, குறுக்கே அதிகம். துண்டைக் கையில் பிடித்து இரண்டு திசையிலும் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீட்சி குறைந்த திசை விரலைச் சுற்றி வருகிற மாதிரி வெட்ட வேண்டும். அப்போதுதான் கூடு நாளடைவில் வாய் பிளக்காது.

தோல் பதனிடும் தொழில் ஈரோட்டில் இன்னும் இருப்பதால் துண்டுத் தோல் கிடைப்பது நமக்குச் சுலபம். கேட்டு வாங்க வேண்டியது பட்டைத் தோலா, குரோம் தோலா என்பதை. பட்டைத் தோல் என்பது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. நம் மேட்டுக்காட்டு வரப்பெல்லாம் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையையும் கடுக்காயையும் போட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போனது. பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. பட்டைத் தோலுக்கு வெட்டிய ஓரம் உள்ளே வரை பழுப்பாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும், ஈரத்தில் எந்த வடிவத்துக்கும் வளைந்து காய்ந்ததும் அப்படியே நிற்கும். குரோம் தோல் என்பது குரோமிய உப்பில் பதனிட்டது. சாயம் ஏறாத இடத்தில் நீலச் சாம்பலாகத் தெரியும், மிருதுவானது, வியர்வையைத் தாங்கும், ஆனால் வடிவம் பிடிக்காது. எனக்கு இரண்டும் வேண்டும்: நாண் படும் வெளிப்பக்கத்துக்குப் பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் 1.4 மில்லிமீட்டர், விரல் படும் உள்பக்கத்துக்குக் குரோம் வெள்ளாட்டுத் தோல் 0.8 மில்லிமீட்டர்.

வெளிநாட்டுப் பதிவுகளைப் படித்துவிட்டு மான் தோல் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மான் தோல் உறை சாதாரணம். இங்கே நம் காட்டு மானின் தோலை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாகக் கொடுக்கிறேன் என்றால் விலகிவிடுங்கள். அந்த மிருது நமக்குத் தேவையும் இல்லை. வெள்ளாட்டுத் தோல் மெல்லிசாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும். குதிரைத் தோலில் பிட்டத்துப் பக்கத்திலிருந்து எடுக்கும் கார்டவன் என்ற ரகம் நாணுக்கு மிகவும் ஏற்றது, பள்ளமே விழாது என்று சொல்லலாம். விலைதான் கட்டுப்படியாகாது.

வெட்டியதும் தைத்ததும்

விரலின் சுற்றளவை முதல் மூட்டில் நூல் சுற்றி எடுத்தேன். மாலையில், கொஞ்ச நேரம் வில் இழுத்த பிறகு எடுக்க வேண்டும். காலையில் எடுக்கும் அளவைவிடக் கூடுதலாக இருக்கும். எனக்கு நடுவிரல் 57 மில்லிமீட்டர். இந்த அளவுக்கே தோலை வெட்டினால் கூடு விரலில் ஏறாது. தோலுக்கும் தடிமன் உண்டல்லவா, வளையும்போது அது உள்வட்டத்தில் இடத்தைத் தின்றுவிடும். தடிமனைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேலே சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு அடுக்கும் சேர்ந்து 2.2 மில்லிமீட்டர் என்றால் சுமார் 7 மில்லிமீட்டர் கூட்டி, வெளித்தோலை 64 என்று வைத்துக்கொண்டேன். பழைய காலண்டர் அட்டையில் வெட்டி, ஒட்டி, விரலில் மாட்டிப் பார்த்த பிறகே தோலில் கத்தி வைத்தேன்.

தையல் நகப்பக்கத்தில் மட்டும். உள்ளங்கைப் பக்கம், பக்கவாட்டு, நுனி எங்கும் தையல் வராதபடி ஒரே துண்டை நுனியில் மடித்துக் கொண்டுவந்து நகத்தின் மேல் சேர்க்கிற மாதிரி வடிவம். சேரும் இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்குத் தோலை விட்டுவிட்டு எலாஸ்டிக் நாடா வைத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் சாமான் விற்கும் கடைகளில் எந்த அகலத்திலும் கிடைக்கும். வெயிலில் விரல் கொஞ்சம் வீங்கினாலும் அந்த நாடா விட்டுக்கொடுக்கும், மற்ற நேரம் கூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தைப்பதற்கு முன் ஓரங்களை உள்பக்கமாகச் சீவி மெல்லிசாக்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் இரண்டு தோலும் சேரும் இடம் தடித்து, நகத்தில் உட்காரும். கத்தி நல்ல பதத்தில் இல்லாவிட்டால் சீவுவது தோலைக் கிழிப்பதில்தான் முடியும், அதனால் சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

அடுக்குகளை ஒட்ட செருப்புக்குப் போடும் சொல்யூஷன்தான். இரண்டு தோலிலும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் நாண் அழுத்தும் இடத்தில் உள்தோல் நகர்ந்து மடிப்பு விழும். ஒட்டும்போதே விரல் வளைவுக்கு வளைத்துப் பிடித்து ஒட்டியது நல்லதாயிற்று. தட்டையாக ஒட்டிப் பிறகு வளைத்தால் உள்தோல் சுருங்கி வரிவரியாக நிற்கும்.

அடுக்குக்கு நடுவே விறைப்புக்கு ஏதாவது வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. பழைய வில்லாளிகள் சிலர் பறவை இறகின் தண்டைப் பிளந்து வைத்திருக்கிறார்கள். அம்புக்கு ஒட்டுவதற்காக நான் வாங்கி வைத்திருந்த வான்கோழி இறகுகளில் தண்டு மிச்சம் இருந்தது. வைத்துப் பார்த்தேன். உணர்வு அருமையாக இருந்தது, ஆனால் நீளவாட்டில் பிளந்துகொண்டது. அடுத்து, அட்டைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை. அரை மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் அகலம், நமக்கு வேண்டிய அளவு. மூலைகளை உப்புத்தாளில் உருட்டி, கொதிநீரில் போட்டு எடுத்து, தடித்த பேனாவின் மேல் அழுத்திப் பிடித்தால் வளைவு நிற்கும். மூன்று விரலிலும் வைத்தபோது நைலான் உறையின் பழைய குறை திரும்பி வந்தது: ஆட்காட்டி விரலுக்கு நாண் எங்கே என்று தெரியவில்லை. அதனால் நடுவிரலில் மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் எடுத்துவிட்டேன். பளு அதிகம் சுமக்கும் விரலுக்கு மட்டும் கவசம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, கடையில் விற்கும் எந்த உறையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

தையல் கையால், இரட்டை ஊசியில். கவைமுள்ளால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறி வைத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பது. மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். இதில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மெழுகு ஏற்றிய பாலியெஸ்டர் நூல் போதும். முடிச்சு போடாமல் இரண்டு கண்ணி பின்னால் வந்து வெட்டிவிட்டேன்.

மணிக்கட்டுப் பட்டை, புறங்கைத் தோல் எல்லாம் பழைய உறையிலிருந்தே. பித்தான் மட்டும் பித்தளையில் மாற்றினேன். பட்டைத் தோலும் இரும்பும் வியர்வையும் சேர்ந்தால் தோல் கரும்புள்ளி பிடித்துவிடும்.

கடைசியாக, வெளித்தோலை ஈரத்துணியால் துடைத்து நனைத்து, விரலில் மெல்லிய பாலித்தீன் சுற்றிக்கொண்டு மாட்டி, நாணைப் பிடிக்கிற மாதிரியே கயிற்றுக் கண்ணியில் விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கழற்றி நிழலில் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். காய்ந்த பிறகு நாண் படும் இடத்தைக் கண்ணாடிப் பாட்டிலின் அடியால் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தோலின் மேல்பக்கம் இறுகி, கை வைத்தால் சறுக்குகிற பதத்துக்கு வந்தது.

தோப்பில்

புது விரலுறையைச் சோதிக்கிறவர்கள் காற்றில்லாத நேரம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும். அது அம்பைப் பக்கவாட்டில் தள்ளும். விரலுறை சரியில்லாவிட்டாலும் அம்பு பக்கவாட்டில்தான் போகும். இரண்டும் கலந்தால் எது எதன் வேலை என்று பிரிக்கவே முடியாது. விடிந்தும் விடியாத நேரத்தில் காற்று அடங்கியிருக்கும், அப்போதுதான் போனேன். இலக்கு, சாக்குப் பையில் திருப்பூர் பனியன் வேஸ்டைத் திணித்துக் கட்டியது. அம்பை நன்றாகப் பிடிக்கும், பிடுங்கவும் லேசு. பின்னால் மண் மேடு.

20 மீட்டரில் நின்று விட்டபோது பழைய உறையில் இடம் வலமாகப் பரந்து கிடந்த அம்புகள் ஒரு கை அகலத்துக்குள் வந்தன. ஏற்ற இறக்கம் மாறவில்லை. அது பெரும்பாலும் என் பிடியும் தோளும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பக்கவாட்டுச் சிதறல் குறைந்ததுதான் எனக்கு வேண்டியிருந்த சாட்சி.

அம்பைவிட உறையே அதிகம் பேசும். கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நாண் பதிந்த கோடு தெரியும். மூன்று கூட்டிலும் அந்தக் கோடு முதல் மூட்டு மடிப்புக்கு நேராக ஒரே வரியில் வர வேண்டும். மோதிர விரலில் கோடு நுனிக்குப் போயிருந்தால் அந்த விரல் வேலை செய்யாமல் நழுவுகிறது. கோடு ஒன்றாக இல்லாமல் பட்டையாகப் பரந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிடிக்கிறோம். எனக்கு மோதிர விரலில்தான் கொஞ்சம் வெளியே போயிருந்தது. கூட்டின் நீளத்தை இரண்டு மில்லிமீட்டர் குறைத்துத் தைத்ததும் சரியானது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நாணின் நடுவே சுற்றியிருக்கும் சர்விங் நூல் ஒற்றை நைலான் இழை. மீன் பிடிக்கிற நரம்பு ரகம், வழவழப்பானது, ஆனால் கடினமானது. தோலில் பள்ளம் விழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அதைப் பிரித்துவிட்டுப் பின்னிய நைலான் நூல் சுற்றினேன். நாக் பொருந்தும் இறுக்கம் மாறாதபடி தடிமனைப் பார்த்துச் சுற்ற வேண்டும். உறையை மட்டும் மாற்றிவிட்டு நாணை அப்படியே விட்டிருந்தால் இந்தத் தோலும் சீக்கிரமே பழைய கதிக்கு வந்திருக்கும்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்பார்கள். காங்கேயத்துக்காரன் என்பதால் எல்லாரும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். புறங்கைப் பக்கத்துக்குக்கூட நான் தடவுவதில்லை. நாண் படும் முகத்துக்கு எந்த எண்ணெயும் கூடவே கூடாது. எண்ணெய் ஏறினால் தோல் இளகும், இளகினால் பள்ளம் விழும், வெயிலில் பிசுபிசுக்கும், நாளானால் சிக்கு வாடை வேறு. பழகி முடித்ததும் ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைத்து நிழலில் ஆறப்போட்டு, அடுத்த முறை மாட்டும் முன் துளி டால்கம் பவுடர் தேய்த்தால் போதும். மழைக் காலத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். துணிப் பையில் வைத்தால் பிடிக்காது.

இப்போது மேசை மேல் இருப்பது அக்கா மகளுக்கான உறை. ஆடி மாதம் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவுக்குப் போயிருந்தபோது வில்வித்தைப் போட்டியைப் பார்த்தவள், ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவிப் போன கதையையும் கேட்டுவிட்டு, “மாமா, எனக்கு எப்பங்க வில்லு?” என்று ஆரம்பித்தாள். வில் வந்துவிட்டது, 20 பவுண்டு. அவளுக்கு ஒற்றை வெள்ளாட்டுத் தோல், 1.2 மில்லிமீட்டர், நடுவில் எதுவும் கிடையாது. இடதுகைக்காரி என்பதால் அட்டை வடிவத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். வளர்கிற விரல்; அதனால் எலாஸ்டிக் நாடாவை இரண்டு விரற்கடை அகலத்துக்கு எடுத்து, நகப்பக்கத் தையலை அறுத்து மறுபடி போட வசதியாக ஓரத்தில் 4 மில்லிமீட்டர் தோலைக் கூடுதலாக விட்டிருக்கிறேன்.